இன்சுலின் இருந்தும் சர்க்கரை ஏறுவது ஏன்? – கேள்வி பதில்

பல வருடமாக நீரிழிவுப் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவர் நான். இரண்டாம் வகை சர்க்கரை நோய் பற்றி வந்த கேள்விகளுக்கு முடிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன். படிக்கும் முன் ஒன்று: இதில் எதைப் படித்தாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: டாக்டர், ரிப்போர்ட்டில் எனக்கு இன்சுலினும் அதிகம், சர்க்கரையும் அதிகம். இது எப்படி?

பதில்: இந்த ஒன்று புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் புரியும். இன்சுலின் குறைவதுதான் சர்க்கரை நோய் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். இன்சுலின் கொடுத்தாலும் சிலருக்குச் சர்க்கரை எளிதில் இறங்குவதில்லை என்று 1936-இல் ஹிம்ஸ்வொர்த் என்ற ஆங்கில மருத்துவர் காட்டினார். ரத்தத்தில் உள்ள இன்சுலினை அளக்கும் முறையை ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் 1960-இல் வெளியிட்டார்கள். பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை நோயில் பலருக்கு இன்சுலின் நிறையவே சுரக்கிறது என்பது அப்போது கண்கூடாகத் தெரிந்தது.

தசை, கல்லீரல், கொழுப்புத் திசு மூன்றும் இன்சுலினின் பேச்சைச் சரியாகக் கேட்காமல் போவதுதான் இன்சுலின் எதிர்ப்பு. கணையம் சும்மா இருக்காது. கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டும். இப்படியே பல வருடம் ஓடும். அதுவரை சர்க்கரை அளவு சரியாகவே இருக்கும். கணையத்தால் இனி முடியாது என்கிற கட்டத்தில்தான் சர்க்கரை ஏறும். அதாவது, சர்க்கரை ஏறுவது கடைசியில் வரும் செய்தி. இடுப்புச் சுற்றளவு கூடுவது, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஏறுவது, கல்லீரலில் கொழுப்பு சேர்வது, பின்கழுத்து கருத்துத் தடிப்பது என்று பலருக்கு முன்பே அடையாளங்கள் வந்திருக்கும். அவற்றை யாராவது பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தீராத வருத்தம் அது.

கேள்வி: இரவு எட்டு மணிக்கு மேல் ஒன்றும் சாப்பிடுவதில்லை. ஆனாலும் காலையில் வெறும் வயிற்றில் 150. எங்கிருந்து வருகிறது?

பதில்: உங்கள் கல்லீரலிலிருந்து. இரவில் மூளைக்கும் மற்ற உறுப்புகளுக்கும் வேண்டிய சர்க்கரையைக் கல்லீரல்தான் விடும். "போதும்" என்று அதை அடக்குவது இன்சுலின். எதிர்ப்பு இருந்தால் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிடும். விடியற்காலையில் கார்டிசால் போன்ற ஹார்மோன்களும் ஏறுவதால் அளவு இன்னும் கூடும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை உதவுவதும் முக்கியமாகக் கல்லீரலின் இந்த வேலையை அடக்கித்தான். பட்டினி கிடந்து இதைச் சரிசெய்ய முயலாதீர்கள்.

கேள்வி: சர்க்கரையின் மூன்று மாத சராசரி (HbA1c) 6.1 வந்திருக்கிறது. மாத்திரை வேண்டுமா?

பதில்: 5.7 முதல் 6.4 வரை நோய்க்கு முந்தைய நிலை; 6.5 தொட்டால் நோய். நீங்கள் இருக்கும் இடத்தில்தான் செய்ய நிறைய இருக்கிறது. அமெரிக்காவில் இப்படிப்பட்ட நிலையில் இருந்தவர்களை வைத்து நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2002-இல் வந்தது. உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது என்ற இலக்கோடு இருந்தவர்களுக்கு நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் எடுத்தவர்களுக்கு 31 சதவீதம். வேலை செய்யும் தசை, இன்சுலின் கதவைத் திறக்கக் காத்திருக்காமல் தானே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடந்துவிட்டு அளவெடுத்துப் பாருங்கள், நீங்களே காண்பீர்கள். ரத்தசோகை இருந்தால் முதலில் சொல்லிவிடுங்கள். அப்போது இந்த 6.1-ஐ அப்படியே நம்ப முடியாது.

கேள்வி: இனிப்பு அதிகம் சாப்பிட்டதால்தான் எனக்கு வந்ததா?

பதில்: இனிப்பு மட்டுமே காரணமில்லை. பரம்பரை, வயிற்றுக் கொழுப்பு, அசையாத வாழ்க்கை, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்தது. உங்களையே குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: நான் ஒல்லி. வயது 34. சர்க்கரை 280, எடை வேறு குறைகிறது. எனக்கும் இன்சுலின் எதிர்ப்பா?

பதில்: இதை இங்கே வைத்துத் தீர்க்கக் கூடாது. ஒல்லியானவர்களுக்கும் எதிர்ப்பு வரும். ஆனால் எடை குறைகிறது என்றால், கணையத்தை உடலே தாக்கும் வகையா என்று எதிர்ப்பொருள் பரிசோதனையும், கணையம் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டும் சி-பெப்டைடு பரிசோதனையும் பார்த்தாக வேண்டும். இந்த வாரமே போங்கள். வாந்தியோ மூச்சிரைப்போ வந்தால் இன்றே.

கேள்வி: உடம்பில் ஏற்கெனவே இன்சுலின் அதிகம் என்கிறீர்கள். அப்புறம் ஊசியிலும் இன்சுலின் கொடுப்பது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதுதானே?

பதில்: ஆரம்பத்தில் அதிகம், கடைசி வரை அல்ல. பிரிட்டனில் 1977 முதல் 20 வருடம் நடந்த ஆய்வில், நோய் தெரியவரும்போதே கணையத்தின் சுரக்கும் திறன் ஏறக்குறைய பாதி போயிருந்தது. அதற்குப் பிறகும் குறைந்துகொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் தேவைக்குப் போதாது. போதாததைத்தான் கொடுக்கிறோம்.

அதே நண்பர் மீண்டும்: ஊசி போட்டால் எடை ஏறுகிறது. எடை ஏறினால் எதிர்ப்பும் கூடும். இதை ஏன் சொல்ல மறுக்கிறீர்கள்?

பதில்: மறுக்கவில்லை, எடை ஏறும். அதனால்தான் பலருக்கு முதலில் வேறு மருந்துகள் தருகிறோம். இன்சுலின் தொடங்கும்போதும் மெட்ஃபார்மினைப் பெரும்பாலும் விடுவதில்லை. ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். மிக உயர்ந்த சர்க்கரையே எதிர்ப்பைக் கூட்டும், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களில் மிச்சமிருப்பவற்றையும் முடக்கும். சில வாரம் இன்சுலின் கொடுத்து அளவை இறக்கியதும் கணையம் ஓரளவு எழுந்துகொள்வதை நானே பலரிடம் பார்த்திருக்கிறேன். 12,500-க்கும் அதிகமானவர்களை ஆறு வருடம் கவனித்த ஓர் ஆய்வு 2012-இல் வந்தது. இன்சுலின் போட்டவர்களுக்கு மாரடைப்பும் கூடவில்லை, புற்றுநோயும் கூடவில்லை. எடை ஏறியது உண்மை, தாழ்சர்க்கரை, அதாவது சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவது, கூடுதலாக வந்ததும் உண்மை. இரண்டையும் சொல்லித்தான் மருந்து கொடுக்கிறோம்.

குறுக்கே இன்னொருவர்: என் அப்பாவுக்கு ஊசி தொடங்கிய பிறகுதான் காலை எடுத்தார்கள். இன்சுலின்தான் காரணம் என்று வீட்டில் எல்லோரும் நம்புகிறோம்.

பதில்: உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் காலம் போன வரிசையைப் பாருங்கள். ஊசி பெரும்பாலும் கடைசியில் வருகிறது, அதற்குள் நரம்பும் ரத்தக்குழாயும் கெட்டுப் பல வருடம் ஆகியிருக்கும். அப்பாவின் காலைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் இந்த நம்பிக்கையால் வீட்டில் இன்னொருவர் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. கெஞ்சிக் கேட்கிறேன்.

கேள்வி: சர்க்கரை இப்போது நார்மல். மாத்திரையை விட்டுவிடலாமா?

பதில்: இதையே நாலு பேர் கேட்டிருக்கிறீர்கள். மாத்திரையால்தான் நார்மலா என்பதை முதலில் பாருங்கள். மருந்தில்லாமல் நிற்பதும் சாத்தியம்தான். 2017-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், நோய் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்கள் தினம் 850 கலோரி அளவில் சில மாதம் இருந்து எடையைக் குறைத்தார்கள். ஒரு வருடம் கழித்து 46 சதவீதம் பேர் மருந்தின்றி நோய் தணிந்த நிலையில் இருந்தார்கள். 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 86 சதவீதம். எல்லாம் மருத்துவக் கண்காணிப்பில். எடை திரும்பினால் நோயும் திரும்பலாம்.

கேள்வி: மூலிகைப் பொடி எடுத்தால் மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: கூடாது. தொடக்கத்திலேயே சொன்னேன், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: கர்ப்பம் ஐந்தாவது மாதம், சர்க்கரை இருக்கிறது. மெட்ஃபார்மின் போடலாமா?

பதில்: உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள், அம்மா. அளவுகளும் இலக்குகளும் வேறு.

கேள்வி: காலில் சிறு புண். வலி இல்லை, அதனால் பயமில்லை. இரண்டு வாரமாக ஆறவில்லை. என்ன தடவலாம்?

பதில்: வலி இல்லை என்பதுதான் எனக்குப் பயம். உணர்வு போயிருக்கலாம். எதுவும் தடவாதீர்கள், அந்தக் காலை ஊன்றி நடப்பதைக் குறையுங்கள், இன்றைக்கே காட்டுங்கள். நாளைக்கு அல்ல.