மலையேறும் மர ரயில்: வாங்கும் முன்பும் பின்பும்

வீட்டுச் சுவரோரம் மரம் ஏற்றிவரும் மலை ரயில் ஒன்றை மாடலாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று போன மாதம் இந்தப் பகுதியில் ஒரு வரி எழுதியிருந்தேன். பெங்களூரில் இத்தனை தமிழர்கள் இதே வேலையில் இறங்கியிருப்பது அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. இந்த முறை முழுக்க அவைதான். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

அமெரிக்காவிலிருந்து அண்ணன் ஒரு ரயில் செட் கொண்டுவந்தார். அதன் பவர் பேக்கை வீட்டு பிளக்கில் செருகியதும் புகை வந்து அணைந்துவிட்டது. கம்பெனியிடம் நஷ்டஈடு கேட்கலாமா? – வாசகர், அல்சூர்

முடியாது. அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. பவர் பேக்கின் முதுகிலேயே அது அச்சிட்டிருக்கும்; செருகும் முன் படித்திருக்க வேண்டும். சாதாரண டிசி எஞ்சின் என்றால் அது பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு. 9 வோல்ட் பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர் எடுத்துச் சக்கரங்களில் தொட்டுப் பாருங்கள். ஓடினால், நம் ஊர் மின்சாரத்துக்கான கன்ட்ரோலர் மட்டும் வாங்கினால் போதும்.

என்னிடம் 10க்கு 11 அடி அறை ஒன்று இருக்கிறது. கதவு 10 அடிச் சுவரில். கீழே ஒரு ஸ்டேஷன், அங்கிருந்து மலைமேல் போய் மரம் ஏற்றிவரும் ஒரு கிளைப் பாதை, இதுதான் ஆசை. முதலில் எதை வாங்குவது? ஒரு பெரிய நீராவி எஞ்சின் மட்டும் ஏற்கெனவே வாங்கிவிட்டேன். – வாசகர், ஜெயநகர்

உங்கள் கேள்விக்கான பதிலைக் கடைசி வரியில் நீங்களே கெடுத்துக்கொண்டீர்கள். எஞ்சின்தான் கடைசியாக வாங்க வேண்டிய பொருள். முதலில் அளவு நாடா, அப்புறம் காகிதம், அப்புறம் பலகை, அப்புறம் தண்டவாளம்.

ஹெச்ஓ அளவை எடுத்துக்கொள்ளுங்கள். நிஜத்தில் 87இல் ஒரு பங்கு, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. 160இல் ஒரு பங்கான 'என்' (N) என்ற அளவில் இடம் மிச்சமாகும்தான். ஆனால் மரம் இழுக்கும் கியர் எஞ்சின்கள் அதில் அபூர்வம். கதவுச் சுவரை விட்டுவிட்டு மற்ற மூன்று சுவர்களிலும் 45 செ.மீ. அகலத்துக்கு அலமாரிபோல் பலகை அடியுங்கள். நடு அறையில் பெரிய மேஜை போடாதீர்கள். கை எட்டுவது 75 செ.மீ. வரைதான், அதற்கப்பால் தடம் புரண்ட பெட்டியைத் தூக்க மேஜைமேல் ஏற வேண்டியிருக்கும்.

அறையின் நடுவில் நின்று பாருங்கள். இடச்சுவரில் ஸ்டேஷன், முழுக்கச் சமதளம். எதிர்ச்சுவரில் ஏற்றம் தொடங்கட்டும். மாடலில் கிளைப் பாதைக்கு 4 சதவீதம் தாங்கும்: 100 செ.மீ. போனால் 4 செ.மீ. உயரம். 10 அடிச் சுவர் 305 செ.மீ., ஆக 12 செ.மீ. ஏறலாம். வலச்சுவரில் ஒரு ஜிக்ஜாக் வையுங்கள்: முன்னால் போய், முட்டுப் பாதையில் நின்று, தடம் பிரிக்கும் பாயின்ட்டை மாற்றி, பின்னோக்கி இன்னும் மேலே. அந்த இரண்டு கால்களும் ஆளுக்கு 8 செ.மீ. தரும். வளைவில் இழுவை கூடும் என்பதால் அங்கே ஏற்றத்தைக் குறைக்க வேண்டும். சமதளம் ஏற்றமாக மாறும் இடத்தையும் மெல்ல வளைத்துத்தான் தூக்க வேண்டும். இதெல்லாம் கழித்து 22 செ.மீ. தேறும். அறையில் நின்று பார்க்க அது மலைதான்.

ஜிக்ஜாக்கில் எல்லோரும் ஏமாறும் இடம் முட்டுப் பாதையின் நீளம். 40 அடி மரப் பெட்டி மாடலில் 14 செ.மீ. நான்கு பெட்டியும் எஞ்சினும் சேர்ந்தால் 80 செ.மீ. ஆகிவிடும். முட்டுப் பாதை 60 செ.மீ. என்றால் உங்கள் ரயில் வாழ்நாள் முழுக்க இரண்டு பெட்டி ரயில்தான்.

இப்போது எஞ்சின். இந்த வேலைக்குப் பிறந்தது ஷே வகை. மிச்சிகனில் மரத் தொழில் செய்த எஃப்ரெய்ம் ஷே 1881இல் காப்புரிமை வாங்கியது. சிலிண்டர்கள் செங்குத்தாக வலப்பக்கம் மட்டும் நிற்கும். அங்கிருந்து ஒரு தண்டு ஓடி எல்லாச் சக்கரத்தையும் கியர் மூலம் சுழற்றும். இடப்பக்கம் பார்த்தால் வெறும் கொதிகலன்தான், அதுவும் எடை சமன்படுவதற்காகச் சற்றே இடப்புறம் தள்ளி. ஆகவே புகைபோக்கி உங்கள் வலக்கைப் பக்கம் பார்க்கும்படி ஏற்றிவிடுங்கள். அப்போதுதான் அந்தத் தண்டு சுழல்வது நீங்கள் நிற்கும் பக்கம் தெரியும். ஜிக்ஜாக்கில் போகும் திசைதான் மாறும், எஞ்சின் திரும்பாது. ஆகவே கடைசிவரை அந்தப் பக்கமே தெரியும். பெட்டிகளுக்குக் கீழ்ப்பக்கம் எஞ்சின் நின்று தள்ளட்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போகும் ரயிலில் எஞ்சின் பின்னால் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் அதேதான்: கொக்கி விட்டாலும் பெட்டி உருண்டு ஓடாது. ஜிக்ஜாக்கின் இரண்டாம் காலில் எஞ்சின் மேலே போய்விடும், அதைத் தவிர்க்க வழியில்லை.

நீங்கள் வாங்கிய பெரிய எஞ்சின் 45 செ.மீ. ஆர வளைவில் தடம் புரளும். ஸ்டேஷனில் நிறுத்திவையுங்கள். இனி எதை வாங்கும் முன்பும் ஒரு மீட்டர் பலகையில் தண்டவாளம் பதித்து, ஒரு முனையில் 4 செ.மீ. கட்டை வைத்து, கடையிலேயே எத்தனை பெட்டி இழுக்கிறது என்று ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

பழைய தண்டவாளம் 60 துண்டு, மிக மலிவு. பித்தளை. வாங்கலாமா? – வாசகி, மர்ஃபி டவுன்

வேண்டாம் அம்மா. பித்தளையில் படியும் களிம்பு மின்சாரத்தைத் தடுக்கும். தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நிக்கல் சில்வர் வாங்குங்கள்.

கடையில் வாங்கிய எஞ்சின் ஆறாவது நாளே 'டக் டக்' என்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. திறந்து பார்த்தால் கியர் பிளந்திருக்கிறது. கடைக்காரர் பில்லின் அடியில் இருக்கும் வரியைக் காட்டுகிறார்: 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது.' எனக்கு வழி இல்லையா? – வாசகர், ராமமூர்த்தி நகர்

இருக்கிறது. அந்த ஒரு வரியைப் பார்த்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதில் 2(47) என்ற பிரிவு எவையெல்லாம் முறையற்ற வணிகம் என்று சொல்கிறது. விற்ற பொருளுக்கு பில் தராதது அதில் ஒன்று. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது இன்னொன்று. பில்லில் கெடு குறிப்பிட்டிருந்தால் அதற்குள், இல்லையென்றால் 30 நாளுக்குள் எடுத்துக்கொண்டாக வேண்டும். கடைக்காரர் ரப்பர் ஸ்டாம்பில் குத்திவைத்த வரி நாடாளுமன்றம் போட்ட சட்டத்தை ரத்து செய்யாது. நிறம் பிடிக்கவில்லை என்று நீங்கள் திருப்பிக் கொடுத்தால் அவர் மறுக்கலாம். கியர் பிளந்தது குறை. இரும்பு அச்சில் இறுக்கமாக ஏற்றிய பிளாஸ்டிக் கியர் தானாகவே விரிசல் விடும்; ஒவ்வொரு சுற்றிலும் அந்த விரிசல் பல்லில் மாட்டும்போது வருவதுதான் உங்கள் 'டக்'. நீங்கள் ஓட்டிய விதத்தில் தப்பில்லை.

பில் பற்றி நான் இவ்வளவு பேசக் காரணம் உண்டு. என் மாடல் ரயிலுக்கு அடித்தளமாக 8க்கு 4 அடி பிளைவுட் ஒன்று வாங்கினேன். தண்ணீர் தாங்கும் ரகத்துக்குரிய 'ஐஎஸ் 710' முத்திரை பளிச்சென்று இருந்தது. பில் வேண்டாமென்றால் விலை குறையும் என்றார்கள், நானும் தலையாட்டினேன். முதல் மழைக்காலத்தில் ஓரம் வெற்றிலைக் கட்டுபோல் அடுக்கடுக்காகப் பிரிந்தது, நடுப்பகுதி தொய்ந்தது. மூன்று பெட்டியோடு எஞ்சின் ஒரே இடத்தில் வந்து வழுக்கிக்கொண்டு நிற்கும். எஞ்சினைக் கழற்றினேன், சக்கரத்தைத் துடைத்தேன், எடை சேர்த்தேன். இரண்டு மாதம் கழித்து ரசமட்டத்தை வைத்துப் பார்த்தபோதுதான் 4 சதவீத ஏற்றம் அந்த இடத்தில் 6 ஆகியிருந்தது தெரிந்தது. கடைக்குப் போனேன். "பில் இருக்கா சார்?" என்று கேட்டார். இல்லை. திரும்பி வந்துவிட்டேன். முத்திரைக்குக் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும், அதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் உண்மையா போலியா என்று அங்கேயே தெரிந்துவிடும் என்பதைப் பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

உங்களிடம் பில் இருக்கிறது. பிளந்த கியரைப் படம் எடுங்கள். கடைக்காரருக்கு ஒரு கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பதினைந்து நாள் பொறுங்கள். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்து புகார் பதிவு செய்யுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. விட்டுவிடாதீர்கள்.

ஆன்லைனில் ஒருவர் பழைய ஷே எஞ்சின் படம் போட்டிருந்தார். முழுப் பணமும் யுபிஐயில் அனுப்பினேன். மூன்று நாளாக போன் எடுக்கவில்லை. ரிட்டயரான பணம் ஐயா. – வாசகர், ஸ்ரீராமபுரம்

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது ஐயா. இதைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம், உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு போன் செய்யுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்கு நகரும் முன் தடுத்துவைக்க முடிந்தால் திரும்பக் கிடைக்க வழி பிறக்கும். மூன்று நாள் ஆகிவிட்டது என்றாலும் செய்யுங்கள். பரிவர்த்தனை எண், அவர் அனுப்பிய படங்கள், பேசிய மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். வங்கியிலும் எழுத்தில் புகார் கொடுங்கள். தொழிலாக விற்காத தனி ஆள் என்றால் நுகர்வோர் ஆணையத்தை நம்ப முடியாது. சைபர் போலீஸ்தான் வழி. இதில் நீங்கள் வெட்கப்பட எதுவும் இல்லை, வீட்டில் சொல்லிவிடுங்கள்.

மற்றவர்களுக்கு: உங்கள் பெயரையும் அன்றைய தேதியையும் ஒரு சீட்டில் எழுதி, எஞ்சின் அதன் பக்கத்தில் ஓடும் வீடியோவை அனுப்பச் சொல்லுங்கள். படம் திருடியவரால் அது முடியாது.

வெளிநாட்டுக் கடையில் எஞ்சின் ஆர்டர் செய்தேன். இங்கே வந்ததும் எஞ்சின் விலையில் பாதிக்கு மேல் சுங்க வரி கேட்டார்கள். ஏமாற்று வேலைதானே? – வாசகர், கோரமங்களா

இல்லை. மாடல் ரயிலும் சுங்கப் பட்டியலில் பொம்மை வரிசையில்தான் வருகிறது. அதற்கான வரியை 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023இல் 70. கப்பல் கூலியையும் சேர்த்த மதிப்பில்தான் கணக்கிடுவார்கள். ஆர்டர் செய்யும் நாளில் இருக்கும் விகிதத்தைப் பார்த்துவிட்டு ஆர்டர் செய்ய வேண்டும்.

எட்டு வயது மகன் கேட்கிறான். மரம் இழுக்கும் மாடல் ரயில் எஞ்சின், நல்லதாக ஒன்று வாங்கித் தரலாமா? – வாசகி, கம்மனஹள்ளி

இப்போது வேண்டாம். அந்த எஞ்சினில் குண்டூசி தடிமனில் கம்பிகள் இருக்கும், ஒரே நாளில் ஒடிந்து பிள்ளை அழுவான். ஐஎஸ்ஐ முத்திரை உள்ள பொம்மை ரயில் வாங்குங்கள். 2021 ஜனவரி முதல் 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளின் பொம்மைக்கு அந்த முத்திரை கட்டாயம். மலையை மட்டும் அவனோடு சேர்ந்து கட்டுங்கள்.

தெர்மாகோலில் மலை செய்தேன். ஒட்டியதும் உருகிக் குழி விழுந்துவிட்டது. தெர்மாகோல் மட்டமானதா? – வாசகர், விவேக் நகர்

பசைதான் தவறு. தின்னர் வாடை அடிக்கும் எதுவும் அதைக் கரைக்கும். வெள்ளை மரப் பசை போடுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் பொள்ளாச்சி. பரம்பிக்குளத்தில் ஓடிய மர ரயிலை மாடலாக வைக்க ஆசை. ரெடிமேடாகக் கிடைக்குமா? – வாசகர், எச்ஏஎல்

கிடைக்காது, செய்துகொள்ள வேண்டியதுதான். ஆனால் இந்த வாரக் கடிதங்களிலேயே எனக்குப் பிடித்த யோசனை உங்களுடையது. கொச்சி சமஸ்தானத்தின் அந்தக் காட்டு டிராம் 1907 முதல் 1963 வரை, சாலக்குடிக்கும் பரம்பிக்குளத்துக்கும் இடையே சுமார் 80 கி.மீ. ஓடியது. மீட்டர் கேஜ், அதாவது தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர். ஆகவே உங்களுக்கு 12 மி.மீ. தண்டவாளம் வேண்டும், 16.5 இல்லை. செங்குத்தான இடங்களில் எஞ்சினே கிடையாது: கம்பிவடத்தின் ஒரு முனையில் மரம் ஏற்றிய வண்டி இறங்கும், அந்த எடையே மறுமுனையில் காலி வண்டியை மேலே இழுக்கும். மாடலில் அதை 10க்கு 1 சரிவில் வைத்து, மேலே ஒரு கப்பியில் மீன்பிடி நரம்பைச் சுற்றி, மறைவாக ஒரு மெதுவான கியர் மோட்டார் வைத்தால் போதும். மோட்டார் எஸ்பி ரோட்டில் கிடைக்கும்.

வெளிநாட்டு பைன் மரப் பாக்கெட்டுகளை வாங்காதீர்கள், நம் காட்டில் தேக்கும் மூங்கிலும்தான். 90 செ.மீ. குறுக்களவுள்ள தேக்கு 87இல் ஒரு பங்கில் சுமார் 10 மி.மீ. வரும். சுண்டுவிரல் தடிமனுள்ள கறிவேப்பிலைக் குச்சி சரியாகப் பொருந்தும். வெட்டிய உடனே வண்டியில் ஏற்றாதீர்கள். ஒரு வாரம் வெயிலில் போட்டு, அப்புறம் சூடான தவாவில் புரட்டி எடுங்கள். நான் அப்படிச் செய்யாமல் ஏற்றிய ஒரு வண்டிக் குச்சியில் வண்டு புகுந்து, தண்டவாளத்தின் மேல் மஞ்சளாக மாவு கொட்டிக்கிடந்தது.