குஞ்சுகளுக்கு வயிறு உப்பி, தொப்புள் ஈரமாக இருப்பது

50 நாட்டுக்கோழிக் குஞ்சுகளில் நான்கே நாளில் 11 செத்துவிட்டன, வயிறு உப்பித் தொப்புள் ஈரமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இது பெரும்பாலும் ஈ. கோலை கிருமியால் வரும் தொப்புள் அழற்சி. செத்த குஞ்சு ஒன்றைக் கையுறை போட்டு அறுத்துப் பாருங்கள். நல்ல குஞ்சுக்கு வயிற்றுக்குள் இருக்கும் மஞ்சள்கரு 4, 5 நாளில் கரைந்து சுருங்கிவிடும். நோய்ப்பட்டதில் அந்தப் பை பெரிதாகவே இருக்கும். உள்ளே பழுப்பாகவோ பச்சையாகவோ தண்ணீர் போல, நாற்றத்தோடு ஒழுகும். கிருமி ரத்தத்தில் ஏறினால் இதயத்தையும் ஈரலையும் சுற்றி வெள்ளைப் படலம் ஒட்டியிருக்கும்.

உப்பிய குஞ்சுகள் பிழைப்பது அரிது, தனியாகப் பிரித்துவிடுங்கள். மற்றவற்றுக்கு முதல் வாரம் குஞ்சு நிற்கும் மட்டத்தில் 33 முதல் 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். குளிர்ந்தால் மஞ்சள்கரு கரையாது. தரையில் பரப்பிய உமி ஈரமாக இருந்தால் உடனே மாற்றுங்கள். கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் கலக்க வேண்டாம், தயவுசெய்து. புதிதாகச் செத்த இரண்டு மூன்றைப் பையில் கட்டி, ஐஸ் பெட்டியில் (உறைய வைக்காமல்) கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். சால்மோனெல்லா என்ற வேறொரு கிருமியால் வரும் புல்லோரம் நோயும் ஏறக்குறைய இப்படியே தெரியும். எந்த மருந்து கேட்கும் என்று பரிசோதித்துத்தான் சொல்ல முடியும்.

அடுத்த முறை எச்சம் ஒட்டிய முட்டையை அடைக்கே வைக்காதீர்கள், எச்சத்தோடு இந்தக் கிருமியும் வரும்.