தையல்நாயகி: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

மாமியாரின் வேண்டுதலால் மகளுக்கு வைத்தீஸ்வரன்கோயில் அம்மன் பெயரை, தையல்நாயகி என்று வைத்தோம். எட்டாவது படிக்கிறாள். பள்ளியில் 'டெய்லர்' என்று கூப்பிடுகிறார்களாம், தினமும் அழுகிறாள். அம்மன் கையில் தைலக் கிண்ணம் இருப்பதால் 'தைலநாயகி'தான் இப்படி மருவிவிட்டது என்று விவரம் தெரிந்த ஒருவர் சொன்னார். அப்படியானால் கெஜட்டில் 'தைலா' என்று மாற்றிவிடலாமா? பெயர் எண்ணும் எட்டு வருகிறது.

ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

எட்டை விடுங்கள். உங்கள் கடிதம் வந்த வாரம் நான் என் அத்தையின் டிரங்குப் பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தேன். அவர் பெயரும் தையல்நாயகி. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் அந்தத் தைலம். சுவாமி வைத்தியநாதர், கோயிலில் திருச்சாந்துருண்டை தருகிறார்கள், அம்மன் தைலத்தோடு நிற்கிறாள். நானும் கும்பிடுகிறேன். ஆனால் பெயரோடு அதை முடிச்சுப் போடாதீர்கள். தையல் என்றால் பெண். அழகு என்றும் பொருள் உண்டு. தைப்பது ஊசி நூல் வேலை மட்டும் இல்லை. சங்கப் பாட்டில் பூவும் தழையும் தொடுத்து அணிவதற்கும் 'தைஇ' என்றுதான் வரும். புனைந்தது அழகு, அந்த அழகுக்கு உரியவள் பெண். உமையைப் பாதி உடலாகக் கொண்டவன் என்று சிவனைப் பாடும்போது தேவாரத்திலும் இந்தச் சொல் வருகிறது. ஔவையின் ஆத்திசூடி 'தையல்சொல் கேளேல்' என்றது. பாரதி நேர் எதிராகப் புதிய ஆத்திசூடியில் 'தையலை உயர்வு செய்' என்று எழுதினார். இந்த இரண்டு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி மகளிடம் ஒருநாளாவது காட்டினீர்களா?

எனக்குக் கோபம் இங்கேதான். ஒரு தமிழ்ச் சொல் கொஞ்சம் பழசாகத் தெரிந்தால் போதும், உடனே ஒரு வடசொல்லைக் கொண்டுவந்து முட்டுக்கொடுக்கிறோம். தைலம் திலத்திலிருந்து, அதாவது எள்ளிலிருந்து வந்த சொல். நம் எண்ணெயும் எள்நெய்தான். வேகமாகச் சொன்னால் 'தையல்' வாயில் 'தைல்' என்று சுருங்கும், அவ்வளவுதான் விஷயம். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையிலும் வைத்தீஸ்வரனுக்கும் தையல்நாயகிக்கும் கோயில் இருக்கிறது. அந்தப் பக்கத்து ஆச்சிமாருக்குத் தையல்முத்து என்று பெயர் உண்டு. தையல்முத்துவில் எந்தத் தைலத்தைத் தேடுவீர்கள்?

டெய்லர் என்பதும் ஒன்றும் வசவு இல்லை. ஆனால் பிள்ளை அர்த்தத்துக்காகவா அழுகிறாள்? பத்துப் பேர் சேர்ந்து சிரிக்கிறார்களே, அதற்காக அழுகிறாள். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தலையைத் தடவிக்கொடுங்கள். அப்புறம் வகுப்பு டீச்சரைப் போய்ப் பாருங்கள். தைலா என்று வைத்தால் தலைவலித் தைலம் என்பார்கள். அப்போது எந்தக் கெஜட்டுக்குப் போவீர்கள்?

அத்தையைப் பள்ளியில் சேர்த்தபோது, பெயர் நீளம் என்று ஒரு வாத்தியார் 'டி. நாயகி' என்று எழுதிவிட்டார். தாத்தாவும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார். வேலை, பென்ஷன், போன மாதம் வாங்கிய இறப்புச் சான்றிதழ், எல்லாவற்றிலும் டி. நாயகிதான். "டி என்பது அப்பா பெயரா?" என்று யாராவது கேட்டால், "இல்லை, அது நான்தான்" என்பார். சின்ன வயதில் எனக்கு அது புரியவில்லை.

பெட்டியின் அடியில் ஒரு தலையணை உறை இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் போட்ட எம்பிராய்டரி. சிவப்பு நூலில், சங்கிலித் தையலில், தையல்நாயகி என்று முழுப் பெயர். ஓரத்தில் இடம் போதாமல் 'கி' மட்டும் கீழே இறங்கியிருக்கிறது.

துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். பரீட்சை லீவில் மகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.