கேள்வி பதில்: ஐந்து சரணமும் ஒரே மாதிரியா?

கேள்வி: எங்கள் பாடற்குழுவில் 12 பேர். ஐந்து சரணமுள்ள பாமாலை (ஆராதனைப் பாட்டு) என்றால் மூன்றாம் சரணத்திலேயே சபையார் சோர்ந்துவிடுகிறார்கள். மெட்டை மாற்றலாமா? (பாடற்குழுப் பொறுப்பாளர், கல்முனை)

பதில்: மெட்டு இருக்கட்டும், பாடுகிறவர்களை மாற்றுங்கள். முதற் சரணம் எல்லோரும். இரண்டாவது பெண்கள். மூன்றாவது வாத்தியமின்றிக் குழு மட்டும். நான்காவது ஆண்கள். கடைசி மறுபடி எல்லோரும். வாத்தியத்தை எந்தச் சரணத்தில் நிறுத்துவது என்பதை வார்த்தையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மன்றாட்டுக்குப் பொருந்தும், புகழ்ச்சிக்குப் பொருந்தாது. பாட்டு எண்ணைச் சொல்லும்போதே முறையையும் அறிவித்துவிடுங்கள். இல்லையென்றால் பெண்கள் சரணத்தில் பாதி ஆண்கள் பாடிக்கொண்டிருப்பார்கள்.

டெனர் (ஆண்களின் மேல் குரல்) இரண்டே பேர் என்றால் நான்கு குரலுக்கு ஆசைப்பட வேண்டாம். சோப்ரானோ (பெண்களின் மேல் குரல்), ஆல்ட்டோ (பெண்களின் கீழ்க் குரல்), ஆண்கள் எல்லோரும் ஒரே பகுதி என்று மூன்று குரல் போதும். வாத்தியமில்லாமல் பாடும்போது சுருதி இறங்கும். அடுத்த சரணத்தில் ஓர்கன் சேரும்போதுதான் அது அம்பலமாகும். ஒத்திகையில் வரிக்கு வரி ஒரு சுரம் தட்டிப் பாருங்கள். இறங்கினால், ஆராதனையில் ஓர்கன் பேஸ் சுரத்தை (அடிச் சுரத்தை) மட்டும் மெல்லப் பிடித்துக்கொண்டிருக்கட்டும்.

கடைசிச் சரணத்துக்கு டெஸ்கன்ட் (மெட்டுக்கு மேலே பாடும் தனிப் பகுதி) வைத்தால் மூன்று சோப்ரானோ போதும். மற்ற ஒன்பது பேரும் மெட்டையே பாட வேண்டும், டெஸ்கன்ட் எந்த ஹார்மனிக்கு (சேர்ந்தொலிக்கும் சுர அமைப்புக்கு) எழுதப்பட்டதோ அதையே ஓர்கனும் வாசிக்க வேண்டும்.

அரைச் சுரம் ஏற்றுவதாக இருந்தால், கீபோட்டில் டிரான்ஸ்போஸை (சுருதி மாற்றும் பொத்தானை) அழுத்திவிட்டு உடனே தொடங்காதீர்கள். சபையார் பழைய சுருதியிலேயே நிற்பார்கள். டி மேஜரில் வாசிக்கிறீர்கள் என்றால், பொத்தானை அழுத்தியபின் டி-க்கு இட்டுச்செல்லும் ஏ செவன் கோர்டை (சேர்த்து வாசிக்கும் சுரங்களை) ஒரு முழுத் தாள அளவு பிடியுங்கள். புதிய சுருதி காதில் விழுந்துவிடும்.

கேள்வி: 8.6.8.6 அளவுள்ள ஒரு பாட்டை அதே அளவுள்ள வேறு மெட்டில் பாடினோம். சரியாக உட்காரவில்லையே? (கல்லடி)

பதில்: இந்த எண், வரிக்கு எத்தனை எழுத்து என்று மட்டும் சொல்லும், அதுவும் மெய்யெழுத்தை விட்டு எண்ணினால். குறில் நெடிலைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. புதிய மெட்டின் நீண்ட சுரம் குறிலில் விழுந்தால் ‘மனம்’ ‘மானம்’ ஆகிவிடும். ‘கல்’ ‘கால்’ ஆகிவிடும். முதலில் மெட்டில்லாமல், புதிய தாளத்துக்கு வாசித்துப் பாருங்கள். எல்லாச் சரணத்தையும் வாசிக்க வேண்டும். முதற் சரணம் பொருந்தி மூன்றாவது கவிழ்வதுதான் வழக்கம்.

கேள்வி: கீர்த்தனைக்கும் (கர்நாடக இசையில் அமைந்த பாட்டு) கோர்ட் போடலாமா? (அக்கரைப்பற்று)

பதில்: சுரத்துக்குச் சுரம் வேண்டாம். கமகம் (சுரத்தை அசைத்துப் பாடுவது) அசைகிற இடத்தில் கீபோட்டின் அசையாத சுரம் உரசும். சுருதிப்பெட்டியில் ச, ப போதும். பல்லவி சபைக்கு, சரணம் ஒரு குரலுக்கு. கூத்தில் ஒருவர் பாட மற்றவர்கள் வாங்கிப் பாடுவது நம்மவர்களுக்குப் பழக்கமானதுதானே. ஒத்திகைகூட அதிகம் தேவைப்படாது.