அரண்மனை வாசலில் நின்றுவிட்டுத் திரும்பாதீர்கள்

கேள்வி: காரைக்குடிக்கு ஒரு கல்யாணத்துக்கு வருகிறோம். மறுநாள் கானாடுகாத்தான் போய் அரண்மனையைப் பார்க்கலாமா? அங்கே பாதி வீடு பூட்டியே கிடக்கிறதாமே, ஏன்?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: தாராளமாகப் போங்கள், பதினைந்து கிலோமீட்டர்தான். ஆனால் அரண்மனை என்கிறோமே, அது ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1912-ல் கட்டிய வீடு. குடும்பத்துச் சொந்த வீடு என்பதால், உள்ளே விடுவார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். வெளியே நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, அப்புறம் தெருவில் நடங்கள். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் என்று நீளும் செட்டியார் வீடுகள். திண்ணை, முகப்பு, வளவு என்னும் நடுமுற்றம், இரண்டாம் கட்டு என்று போய்க்கொண்டே இருக்கும். ஏதாவது ஒரு வீடு திறந்திருந்தால் கேட்டுவிட்டு உள்ளே போய்ச் சுவரில் கையை வைத்துப் பாருங்கள். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பூச்சு, சித்திரை வெயிலிலும் பானைத் தண்ணீர் மாதிரி குளுகுளு என்று இருக்கும்.

பூட்டுக்கு வருவோம். வளவைச் சுற்றி இருக்கும் அறைகள் கல்யாணமான மகன்களுக்கு ஆளுக்கொன்று. அந்த மகன்களுக்கு மகன்கள், அவர்களுக்கு மகன்கள் என்று பெருகி இன்றைக்கு ஒரே வீட்டுக்கு எத்தனையோ பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். கட்டிய பணத்தில் பெரும்பங்கு பர்மா வட்டித்தொழிலில் வந்தது, 1942-ல் பர்மா ஜப்பான் கைக்குப் போனதும் அந்த வரவும் நின்றுபோனது. ஓடு மாற்றக்கூட எல்லோரும் ஒத்துக்கொண்டு பணம் போட வேண்டும், லேசான காரியமா? கல்யாணத்துக்கும், முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் கூடும்போது கதவு திறக்கும், விளக்கு எரியும், மறுவாரம் திரும்பப் பூட்டு. தாக்குப்பிடிக்காத வீட்டைப் பிரித்துவிடுகிறார்கள். அந்தத் தேக்குத் தூணும் நிலைக்கதவும்தான் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் பழம்பொருளாக நிற்கின்றன. எனக்கென்னவோ அந்தத் தெருவில் பேரம் பேச மனசு வருவதில்லை.

கேள்வி: ஆத்தங்குடித் தரைக்கல் வழுவழு என்று இருக்கிறதே, மெஷின் பாலிஷா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: மெஷின் இல்லை, எல்லாம் கண்ணாடியின் வேலை. கண்ணாடித் துண்டின் மேல் சட்டத்தை வைத்து, சாயக் கலவையைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துகிறார்கள். தண்ணீரில் ஊறிக் காய்ந்த பிறகு கண்ணாடி தானாக விட்டுவரும். அதன் வழுவழுப்பு கல்லுக்கு வந்திருக்கும். கானாடுகாத்தான் போகிறவர்கள் அப்படியே ஆத்தங்குடிக்கும் போய் ஒரு பட்டறையில் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.