டிராக்கில் இறங்க ஆசையா? கேளுங்கள்!

(மோட்டார் சைக்கிள் கிளப் ரேஸ் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, அந்தக் காலத்தில் சோழவரம் ரேஸில் ஓட்டியவரும் இப்போது ராமநாதபுரத்தில் பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவருமான நம் மெக்கானிக் அண்ணன் பதில் சொல்கிறார்.)

அண்ணே, எனக்கு வயது 22. விசைப்படகு இன்ஜின் வேலை பார்க்கிறேன். ஆர்15 பைக் வைத்திருக்கிறேன். தனுஷ்கோடி அரிச்சல்முனை ரோட்டில் விடியக்காலையில் 135 வரை தொட்டிருக்கிறேன். ரேஸ் ஓட்ட இது போதுமா? எங்கே போய்ச் சேர வேண்டும்?
*– வாசகர், தங்கச்சிமடம்*

தம்பி, முதலில் அந்த 135-ஐ யாரிடமும் சொல்லாதே. டிராக்கில் சிரிப்பார்கள், ஸ்டேஷனில் சிரிக்க மாட்டார்கள்.

2017-ல் திறந்த அந்த ரோட்டில் எனக்கும் போய்ப் பார்க்கும் ஆசை உண்டு. ஒரு பக்கம் ஆண் கடல், ஒரு பக்கம் பெண் கடல், நடுவில் நூல் பிடித்த மாதிரி தார் ரோடு. ஆனால் அதில் நீ கற்றுக்கொள்ள ஒன்றுமே கிடையாது. நேர் ரோட்டில் ஆக்சிலேட்டரை முறுக்கிப் பிடித்தால் என் மாமியார்கூட 135 போவார். ரேஸ் ஆரம்பிப்பதே வேகத்தைக் குறைக்கும் இடத்தில்தான். எங்கே பிரேக் பிடிக்கிறாய், எத்தனை சீராக விடுகிறாய், வளைவின் உள்முனையை எங்கே தொட்டு வெளியே வருகிறாய், இதில்தான் ஒரு லேப்பில் இரண்டு மூன்று வினாடி ஒளிந்திருக்கிறது. அரிச்சல்முனையில் இருக்கிற ஒரே வளைவு கடைசியில் வேன்கள் திரும்புகிற ரவுண்டானா.

இன்னொன்று, ஆடி மாசக் கச்சான் காற்று அடித்தால் ரோட்டின் குறுக்கே மணல் பாய் விரித்துக் கிடக்கும். சாய்ந்த பைக்குக்கு அடியில் ஒரு கைப்பிடி மணல் போதும். எதிரே மதுரையிலிருந்து வந்த வேன் நின்றிருக்கும், அதைச் சுற்றிப் பிள்ளைகள் ஓடும். பொது ரோட்டில் ரேஸ் விடுவது மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவில் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை ஜெயில், அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும். மறுபடி சிக்கினால் ஒரு வருஷம், 10,000.

சரி, எங்கே போவது? நமக்கு இரண்டு வாசல். ஒன்று ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் இருக்கும் சென்னை ரேஸ் டிராக். 3.717 கிலோமீட்டர், 12 திருப்பம். 1953-ல் ஆரம்பித்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கட்டியது. நான் ஓட்டிய சோழவரம், உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம். அங்கிருந்து ஒழுங்கான டிராக்குக்கு மாற வேண்டும் என்றுதான் அவர்கள் இதைக் கட்டினார்கள். இன்னொன்று கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீடுவே. 1995-ல் விமான விபத்தில் இறந்துபோன கரிவரதன் பெயரில் இருப்பது. இதைவிடச் சின்னது, திருப்பங்கள் நெருக்கம். முதல் தடவை போகிறவனுக்கு அது நல்லதுதான்.

வழி இதுதான். ஆர்15-ஐ விற்காதே, புதுசும் வாங்காதே. முதலில் ரேஸ் டிராக்கில் நடக்கும் பயிற்சிப் பள்ளி ஒன்றில் சேர். இரண்டு நாளில் உட்காருவது, பார்ப்பது, பிரேக், வளைவில் போக வேண்டிய தடமான லைன் எல்லாம் அடிப்படையிலிருந்து சொல்லிக் கொடுப்பார்கள். அங்கே வாங்குகிற சான்றிதழோடு, மருத்துவச் சான்றும் ரத்தப் பிரிவும் வைத்து, இந்திய மோட்டார் விளையாட்டுக் கிளப்புகள் சம்மேளனத்தில், அதாவது எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யில், போட்டி லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆர்.டி.ஓ. கொடுத்த லைசென்ஸ் வேறு, இது வேறு. ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டும். அப்புறம்தான் புதியவர்களுக்கான நோவிஸ் பிரிவு.

போட் இன்ஜின் பார்க்கிறவன் என்பதால் ஒரு எச்சரிக்கை. வலை இழுத்து, கயிறு இழுத்துப் பழகிய கை உனக்கு இருக்கும். அந்தக் கை டிராக்கில் எதிரி. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்பாய், நாலாவது லேப்பில் முன்கை கல்லாகிவிடும், பிரேக் லீவரை விரல் உணராது. பெட்ரோல் டேங்கைத் தொடையால் கவ்வ வேண்டும். கை சும்மா மேலே கிடக்க வேண்டும். நம்ம ஊர்ப் பையன்கள் யாரை அனுப்பினாலும் முதலில் இதில்தான் மாட்டுகிறார்கள்.

நான் துபாயில் வேலை பார்க்கிறேன். மகன் கல்லூரியில் படிக்கிறான். ரேஸ் ஓட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். நல்ல 600 சிசி பைக்காக வாங்கிக் கொடுத்துவிடலாமா?
*– வாசகர், கீழக்கரை*

வேண்டாங்க, பாய். ஆயிரம் தடவை வேண்டாம்.

சின்ன பைக்கில் தப்புப் பண்ணினால் வேகம் குறையும், அவ்வளவுதான். பெரிய பைக்கில் தப்புப் பண்ணினால் பைக் உங்கள் மகனைக் கழற்றிவிடும். உலகம் முழுக்கப் பெரிய ஆட்களெல்லாம் 125, 150 என்றுதான் ஏறி வந்தார்கள். நம் சென்னைப் பையன், ரேஸர் சரத்குமார் 2011-ல் உலக சாம்பியன்ஷிப்பில் ஓட்டியதே 125 சிசி பிரிவில்தான்.

பணம் இருக்கிறதென்றால் அதை மகன் உடம்பின் மேல் போடுங்கள். ஒரே பீஸாகத் தைத்த லெதர் சூட், முதுகுக் கவசம், மணிக்கட்டுக்கு மேல் ஏறும் கையுறை, கணுக்கால் மூடும் பூட்ஸ், இரட்டை வளையத்தில் பட்டை கோத்துக் கட்டுகிற முழு ஹெல்மெட். துபாயில் நல்ல சரக்கு கிடைக்கும், ஆனால் சூட்டை மட்டும் அளவு பார்க்காமல் வாங்கி அனுப்பாதீர்கள். தொளதொளவென்று இருந்தால் விழும்போது கவசம் முட்டியை விட்டு நகர்ந்துவிடும். செகண்ட் ஹேண்ட் சூட் பரவாயில்லை. செகண்ட் ஹேண்ட் ஹெல்மெட் சும்மா கொடுத்தாலும் வாங்கக் கூடாது. அது யார் தலையில் எப்படி விழுந்தது என்று வெளியே தெரியாது.

பைக்கை முதல் வருஷம் வாடகைக்கு எடுக்கட்டும். இல்லையென்றால் டி.வி.எஸ். மாதிரி நிறுவனங்கள் நடத்தும் ஒன் மேக் ரேஸுக்குத் தேர்வு நடக்கும்போது போய் நிற்கட்டும். அதில் எல்லோருக்கும் ஒரே பைக், நிறுவனமே கொடுக்கும். காசுக்காரன் பையன், ஒர்க்‌ஷாப் பையன் என்ற வித்தியாசமெல்லாம் கிரிட்டில், அதாவது ரேஸ் கிளம்பும் வரிசையில், காணாமல் போகும். என்னைக் கேட்டால் இந்த விளையாட்டில் நடந்த நல்ல காரியம் அதுதான்.

டிராக்கில் காட்டும் கொடிகளுக்கு என்ன அர்த்தம்? எல்லாவற்றையும் மனப்பாடம் பண்ண வேண்டுமா?
*– வாசகர், தொண்டி*

ஆமாம், எல்லாவற்றையும். பாம்பன் துறைமுகத்தில் எத்தனாம் நம்பர் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று தெரியாமல் கடலுக்குப் போவீர்களா? அதே மாதிரிதான் இதுவும்.

மஞ்சள் என்றால் முன்னே ஆபத்து, யாரையும் முந்தக் கூடாது. மஞ்சளில் சிவப்புக் கோடுகள் இருந்தால் எண்ணெயோ தண்ணீரோ கொட்டி வழுக்குகிறது. நீலம் காட்டினால் உன்னைவிட வேகமானவன் பின்னால் வருகிறான். உன் லைனிலேயே நேராகப் போ, அவன் பார்த்து முந்திக்கொள்வான். அவனுக்கு வழிவிடுகிறேன் என்று திடீரென ஒதுங்குகிறவன்தான் இரண்டு பேரையும் விழ வைப்பான். சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம், மெதுவாகப் பிட்டுக்கு, அதாவது டிராக் ஓரத்தில் டீம்கள் நிற்கும் இடத்துக்கு, வா. கறுப்பு நடுவில் ஆரஞ்சு வட்டம், கூடவே உன் நம்பர் என்றால் உன் பைக்கில் ஏதோ கழன்றோ ஒழுகியோ இருக்கிறது, உடனே ஓரம் கட்டு. நமக்குத்தான் ஒன்றும் தெரியவில்லையே என்று இன்னொரு சுற்றுப் போனால் உன் எண்ணெயில் பின்னால் வருகிறவன் சறுக்குவான்.

ரோட்டில் ஓட்டும் பைக்கை அப்படியே ரேஸுக்குக் கொண்டு போகலாமா?
*– வாசகர், உச்சிப்புளி*

அப்படியே விட மாட்டார்கள். ஸ்க்ரூட்டினி என்று ஒரு சோதனை உண்டு. கண்ணாடி, ஹெட்லைட், இண்டிகேட்டர், சைடு ஸ்டாண்ட், நம்பர் பிளேட் எல்லாம் கழற்ற வேண்டும். இன்ஜின் ஆயில் வடிக்கிற போல்ட்டிலும் ஆயில் ஊற்றுகிற மூடியிலும் துளை போட்டுக் கம்பி முறுக்கிக் கட்டியிருக்க வேண்டும், அதிர்வில் கழலாமல் இருக்க. கூலன்டை வடித்துவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள். ஏனென்றால் கூலன்ட் தரையில் சிந்தினால் சோப்பு மாதிரி வழுக்கும், லேசில் காயாது.

நம் கரைப் பைக்குகளுக்கு வேறு ஒரு வியாதி இருக்கிறது. உப்புக் காற்று. என் ஒர்க்‌ஷாப்புக்கு மண்டபம், பாம்பன் வண்டிகள் வந்தால் முதலில் முன் பிரேக் காலிப்பரைக் கழற்றிப் பார்ப்பேன். உள்ளே இருக்கும் பின்கள் உப்புப் பூத்து இறுகிப் பாதி பிரேக்தான் பிடித்துக்கொண்டிருக்கும். ஓட்டுகிறவனுக்கே தெரியாது, பழகிப்போயிருக்கும். ஒயர் இணைப்புகளில் பச்சை பிடித்திருக்கும், செயின் ரோலர் ஒவ்வொன்றும் துருவாக இருக்கும். வாரா வாரம் கழுவுகிறேனே என்பான். எந்தத் தண்ணீரில்? போர் தண்ணீரில். அதுவே உவர்! காவிரித் தண்ணீர் ஒரு குடம் பைக்குக்கு ஒதுக்கச் சொல்லி அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். என் வீட்டில் நான் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது போதும்.

பெண்கள் ஓட்டலாமா, ஐயா? தனிப் பிரிவு உண்டா?
*– கல்லூரி மாணவி, சாயல்குடி*

ஓட்டலாமா என்று என்னிடம் ஏன்மா கேட்கிறாய்? பெண்களுக்குத் தனிப் பிரிவு வைத்து ஓட்டியிருக்கிறார்கள். ஆண்களோடு ஒரே கிரிட்டில் நின்றும் ஓட்டியிருக்கிறார்கள். பெங்களூரு ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019-ல் பாஹா உலகக் கோப்பையில் பெண்கள் பட்டத்தையே வாங்கி வந்தார். அது மண்ணிலும் மலையிலும் ஓட்டுகிற ரேஸ், டிராக்கைவிடக் கஷ்டம். லைசென்ஸ், பயிற்சி எல்லாம் மேலே தம்பிக்குச் சொன்னதுதான் உனக்கும். வீட்டில் விடுவார்களா என்பதுதான் உன் உண்மையான கேள்வி என்றால், அடுத்த ரேஸுக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு டிராக்குக்குப் போ. எத்தனை டாக்டர், எத்தனை ஆம்புலன்ஸ் நிற்கிறது என்று அவரே எண்ணட்டும்.

என் பையனுக்கு 16 வயது. தெருவில் ஓட்ட விடாவிட்டால் சாப்பிட மாட்டேன் என்கிறான்.
*– ஒரு தாய், தேவிபட்டினம்*

இரண்டு வேளை பட்டினி கிடக்கட்டும் தாயீ. 18-க்குள் ஓட்டிக் குற்றம் நடந்தால் 199-ஏ பிரிவில் உங்களுக்குத்தான் 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் வரை ஜெயில். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. மூடிய டிராக்கில் பெற்றோர் கையெழுத்தோடு சின்னப் பையன்கள் முறையாகவே ஓட்டுகிறார்கள். அங்கே சேர்க்க முடிந்தால் சேருங்கள், தெருவில் மட்டும் வேண்டாம்.

பயிற்சிப் பள்ளிக்குக் கட்டக்கூடக் காசு இல்லை, அண்ணே. வேறு வழி?
*– வாசகர், ஏர்வாடி*

இருக்கிறது. மார்ஷலாகப் போ. ரேஸ் நாளில் ஒவ்வொரு திருப்பத்திலும் கொடி பிடித்து நிற்கக் கிளப்புக்கு ஆள் வேண்டும். ஆர்வமாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துச் சேர்த்துக்கொள்வார்கள். ஒரே திருப்பத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றால், யார் எங்கே பிரேக் விட்டான், யார் ஏன் விழுந்தான் என்று நூறு தடவை பார்ப்பாய். காசு கொடுத்து ஓட்டுகிறவனுக்குக் கிடைக்காத பாடம் அது. மெக்கானிக்குகள் முகம் பழகும், டீம்காரன் ஸ்பேனர் பிடிக்கக் கூப்பிடுவான். அப்படி உள்ளே நுழைந்து பிறகு ஓட்டியவர்களை எனக்குத் தெரியும்.

வெயிலுக்குத் தொப்பியும் நிறையத் தண்ணீரும் எடுத்துக்கொள். இருங்காட்டுக்கோட்டையில் கடல் காற்று வராது.

ஜெயித்தால் பரிசுப் பணம் எவ்வளவு?
*– வாசகர், ராமேஸ்வரம்*

டயர் வாங்கப் பத்தாது.

பைக்கை ராமநாதபுரத்திலிருந்து சென்னைக்கு எப்படிக் கொண்டு போவது? ஓட்டியே போய்விடலாமா?
*– வாசகர், பரமக்குடி*

500 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனால் முதுகு போய்விடும், மறுநாள் டிராக்கில் தூக்கம் வரும். ரயில் பார்சலில் போடு. பெட்ரோலைச் சொட்டு விடாமல் வடித்துவிட வேண்டும், ஆர்.சி. நகலும் அடையாள அட்டை நகலும் வேண்டும், சாக்கு சுற்றிக் கட்டியிருக்க வேண்டும். கிளட்ச் லீவர், பிரேக் லீவர் இரண்டுக்கும் தனியாகத் துணி சுற்று. இறக்கும்போது முதலில் உடைவது அவைதான். ஒரு ஜோடி லீவர் உன் பையிலும் இருக்கட்டும். மூன்று நாலு பேராகப் போகிறீர்கள் என்றால் மீன் வண்டிக்காரரிடம் பேசிப் பாருங்கள், திரும்பி வரும்போது வெறும் வண்டியாகத்தான் வருவார். வாசம் மட்டும் லெதர் சூட்டிலிருந்து போக ஒரு மாசம் ஆகும்.