பழைய லென்ஸ், பாதியில் நின்ற கோர்ஸ்

கே: ஃபோட்டோஷாப் 'கிராக்' காப்பியை 300 ரூபாய்க்குப் போட்டுக் கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? (ஊட்டி)

எந்த பில்லைக் காட்டிக் கேட்பீர்கள்? திருட்டுச் சரக்குக்கு வாரண்டி கிடையாது. படம் திருத்தும் ஜிம்ப் மென்பொருள் இலவசம், அதில் பழகுங்கள். பத்திரிகைப் பக்கம் வடிவமைக்க ஸ்க்ரைபஸ், அதுவும் இலவசம்.

கே: பத்திரிகைக்குப் படம் எடுக்கக் கற்கிறேன். 45 மெகாபிக்சல் கேமராதான் வேண்டும் என்கிறார் கடைக்காரர். (கோத்தகிரி)

வேண்டாம். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி (பிக்சல்) போதும். ஏ4 முழுப்பக்கப் படம் 2480க்கு 3508 பிக்சல், அதாவது சுமார் 87 லட்சம். இரண்டு பக்கம் விரித்துப் போட்டாலும் 1 கோடியே 74 லட்சம்தான். 24 மெகாபிக்சல் கேமரா என்றால் 2 கோடியே 40 லட்சம் பிக்சல், அதுவே தாராளம். மிச்சப் பணத்தில் நிறம் சரியாகக் காட்டும் மானிட்டர் வாங்குங்கள். எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதீர்கள், சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள்.

கே: பழைய 50 எம்எம் லென்ஸ் மலிவாக வருகிறது. வாங்கலாமா? (கூடலூர்)

டார்ச் இல்லாமல் போகாதீர்கள். அபெர்ச்சரை (லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துவாரம்) முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து வெளிச்சம் அடித்து, முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை போல மெல்லிய இழை தெரிந்தால் அது பூஞ்சை. விலை பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

நான் பார்க்கவில்லை. மலைக்கு வந்த புதிதில் 9,000 ரூபாய் கொடுத்து ஒரு 85 எம்எம் வாங்கினேன். ஜன்னலோரம் யாரை எடுத்தாலும் படத்தில் பால் ஊற்றியது போல ஒரு மங்கல். பிரித்துப் பார்த்தவர், பூஞ்சை கண்ணாடியின் பூச்சையே அரித்துவிட்டது, துடைத்தால் போகாது என்றார். விற்றவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. இன்றைக்கும் ஆறவில்லை.

நம் ஊரில் இது எல்லோர் வீட்டிலும் நடக்கிறது. கூடலூரில் ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரை சாரல். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர், நவம்பரில் மழை. காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டி நின்றாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அப்படியிருந்தும் லென்ஸைத் தோல் பைக்குள் போட்டு பீரோவில் பூட்டுகிறார்கள். தோலும் ஈரத்தை இழுக்கும், பீரோவும் இருட்டு. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி, இவ்வளவுதான் செலவு. முள் 40, 50 சதவீதத்துக்குள் நிற்கட்டும். பனியில் எடுத்துவிட்டு வந்தால், பையைத் திறக்காமல் அடுப்படிச் சூட்டிலிருந்து தள்ளி ஒரு மணி நேரம் வையுங்கள். இல்லாவிட்டால் கண்ணாடியில் நீர் கோத்துக்கொள்ளும்.

கே: 'பத்திரிகை வடிவமைப்பு, படத் திருத்தம்' என்று நோட்டீஸ் பார்த்து, கோவையில் ஒரு நிலையத்தில் 28,000 கட்டினேன். அப்பா தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்துச் சேர்த்த பணம். இரண்டு மாதமாக மொபைல் ரீல் மட்டும்தான் சொல்லித் தருகிறார்கள். 'கட்டியது திரும்பாது' என்கிறார்கள். (குன்னூர்)

தவறு உங்களுடையது இல்லையம்மா. சொன்னதைச் சொல்லித் தராதது சேவைக் குறைபாடு. ரசீதில் 'திரும்பாது' என்று அச்சடித்துவிட்டால் அவர்கள் தப்பிவிட முடியாது. நோட்டீஸ், ரசீது, அவர்கள் அனுப்பிய மெசேஜ் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பணத்தைக் கேட்டு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் போடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். கோவைக்கு அலைய வேண்டாம். நீங்கள் கட்டிய பணம் 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். மனு எழுதத் தயக்கமாக இருந்தால் காகிதங்களை எனக்கு அனுப்புங்கள், எழுதித் தருகிறேன்.